பாதி மண், பாதி காபட்

“கூட ஓட்றது காபட்லயா, மண்ணுலயா?”

மஷூர் நானா இதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கிழமைக்குள் என் மோட்டார் சைக்கிளைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கும் நான்காவது டயர் கடைக்காரர் அவர். எஹலியகொடையில் இரண்டு பேர் கேட்டார்கள். தெரணியகலையிலேயே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கேட்டார். காபட் ரோடு என்றால் ஒரு டயரை எடுத்து உருட்டுவார்கள், மண் ரோடு என்றால் இன்னொன்றை. இரண்டிலும் என்று சொன்னால் போதும், நான் ஏதோ விளங்காதவன் மாதிரி மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் என்ன செய்ய? எங்கள் தோட்டத்து மேற்கணக்கு லயத்திலிருந்து பலாமரத்துச் சந்திவரை ஐந்து கிலோமீற்றர் செம்மண். வெள்ளைக்காரன் வெட்டிய பாதை. அதற்குப் பிறகு வந்தவர்கள் அடிக்கல் மட்டும் நட்டார்கள், இதுவரை மூன்று கல் நிற்கிறது. சந்தியிலிருந்து என் மனைவியின் பள்ளிக்கூடம்வரை நான்கு கிலோமீற்றர் காபட், தார் போட்டு இழைத்துக் கண்ணாடி மாதிரி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று மற்றவர்களைக் கேலி செய்வோம். எங்களுக்கு அது அன்றாடப் பிரயாணம்.

“பாதிப் பாதி நானா” என்றேன். அவர் சிரிக்கவில்லை, மற்றவர்களைப் போல உதட்டையும் பிதுக்கவில்லை. பழைய டயரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று உள்ளே போனார்.

எனக்கு ரப்பரைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பதினோரு வருடமாகத் தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் வேலை. மலையிலிருந்து வாளியில் வரும் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடித்து, புகைக் காம்பராவில் தொங்கவிடுகிறவன் நான். என் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்தப் புளித்த வாடை போகாது. கடைசி உருளை ஷீட்டில் வரி வரியாகப் பள்ளம் போடும். அந்தப் பள்ளம் இருந்தால்தான் தண்ணீர் வடிந்து ஷீட் காயும். டயருக்கும் அதே கணக்குத்தான். வரி டயர் காபட்டில் தண்ணீரை ஒதுக்கிவிட்டு ஒட்டிக்கொண்டு போகும்; எங்கள் செம்மண்ணில் இறங்கினால் வரிக்குள் சேறு அப்பி, நூறு அடிக்குள் மொட்டையாகிவிடும். கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் மண்ணைக் கடித்து ஏறும். மழையில் நனைந்த காபட்டில் அந்தப் பட்டன்கள் நிற்க இடமில்லாமல் வழுக்கும். இதெல்லாம் தெரிந்துதான் இந்த அலைச்சல். தெரியாதவனாக இருந்தால் முதல் கடையிலேயே எதையாவது மாட்டிக்கொண்டு போயிருப்பேன்.

பக்கத்து வீட்டுக் கிருஷாந்துக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவன் போனில் வீடியோ பார்த்தே டயர் படித்தவன். முன்னுக்கு வரி, பின்னுக்குப் பட்டன் என்று ஒரு நாள் சொன்னான். மறுநாள் இரண்டும் பட்டன் என்றான். அவன் வண்டியில் இருக்கிற டயரில் பட்டனும் இல்லை, வரியும் இல்லை. பள்ளத்தில் விழுந்தால் மட்டும் ரோட்டைத் திட்டுவான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ரகம்.

இத்தனையும் என் மனைவி நிருஷாவுக்காகத்தான். அவள் என் வண்டியில் ஏறி ஐந்து மாதம் ஆகிறது. வைகாசிக் கடைசியில், மழை நாளொன்றில், காபட் ரோட்டு வளைவில் இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்காலில் தோல் போனது. அவளுக்கு வலது மணிக்கட்டு. ஆறு கிழமை மாவுக்கட்டு. பிரித்த பிறகும் அந்தக் கை முழுதாக மடங்கவில்லை. கரும்பலகையில் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டாள். மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலையில் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி, மெதுவாகப் போகிறேன், ஏறு என்றேன். நடந்தே போகிறேன் என்றாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஐந்தேகாலுக்கு டோர்ச் லைட்டோடு இறங்குகிறாள். அவள் குடை ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கிப் போவதை நான் பிளேன்டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

சந்தியில் ஆறே முக்கால் பஸ் நேரத்துக்கு வந்தால் பிழைத்தாள். வராவிட்டால் சிவப்புக் கோடு. ஏழரை அடித்ததும் அதிபர் கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடவேண்டும். நிருஷா இன்னும் ஆசிரிய உதவியாளர்தான். நிரந்தரமாக்கும் கோப்பு இந்த வருடக் கடைசியில் போகிறது. இந்த மாதத்தில் மட்டும் எட்டுத் தடவை கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டாள். ஒன்பதாவது விழுந்தால் கல்விக் கந்தோருக்கு எழுதித்தான் ஆகவேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டாராம். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னாராம். லயத்துக் காம்பராவிலிருந்து படித்து, மேற்கணக்கில் முதல் டீச்சர் என்று பேர் வாங்கியவளின் வேலை ஒரு சிவப்புக் கோட்டில் தொங்குகிறது. வாசலில் சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்தால் எனக்கு உதைக்கத் தோன்றும். ஒரு தடவை உதைத்தும் விட்டேன். கால்தான் வலித்தது.

ஆகவே நல்ல டயர். பிடித்தால் விடாத டயர். அதைப் போட்டுக் காட்டினால் அவள் பயம் போய்விடும், ஏறிவிடுவாள். எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மஷூர் நானா கழற்றிய பின்டயரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் ஓரிடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். எதற்காக மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். மொட்டை, விழுந்துவிட்டோம், மனைவிக்குக் கை போய்விட்டது என்றேன்.

“தம்பி, இதுல இன்னும் ஒரு வருஷத்து வரி தேயாம ஈக்கி” என்றார். “இது டயர்ட பிழ இல்ல. இந்தா, இந்த ஓரத்தப் பாருங்க. கயிறு அறுத்த தடம். கயித்தோட காபட்ல ஓடி ஈக்கிறீங்க.”

கடையில் வேறு யாரும் இல்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி.

கயிறு எங்கள் பக்கத்து வழக்கம். மழை நாளில் அந்தச் செம்மண் இறக்கத்தில் எந்த டயரும் நிற்காது. பின்சில்லில் டயரோடு சேர்த்துத் தேங்காய்த் தும்புக் கயிற்றைக் கம்பிகளுக்குள்ளால் எடுத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டால் சேற்றைப் பிடிக்கும். சந்திக்கு வந்ததும் நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, பலாமரத்தில் தொங்கவிட்டுவிட்டு, வெறும் டயரோடு காபட்டில் ஏறவேண்டும். பின்னேரம் திரும்பி வந்து மறுபடி கட்டவேண்டும். மரத்தைச் சுற்றி ஆளுக்கொரு ஆணி உண்டு. காலையில் பார்த்தால் ஏழெட்டுக் கயிறு தொங்கும். கிருஷாந்துடையது நீல நைலோன், ஒருவர் பழைய சங்கிலி வைத்திருக்கிறார். ஒருவன் கயிற்றை இன்னொருவன் தொடமாட்டான். கட்ட ஐந்து நிமிடம், அவிழ்க்க மூன்று நிமிடம். அவிழ்க்காமல் காபட்டில் ஏறினால் கயிறு தேய்ந்து தளரும், தளர்ந்த நுனி செயினுக்குள் போகும், சில்லு இறுகும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்றைக்கு எழும்பப் பிந்திவிட்டது. நான்தான் பிந்தினேன். சந்திக்கு வந்தபோது ஏழு இருபத்திரண்டு. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போவோம் என்று நிருஷா சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். மூன்று நிமிடம் நின்றால் சிவப்புக் கோடு, நிற்காவிட்டால் தப்பலாம் என்று என் மூளை வேலை செய்தது. ஒரு நாள்தானே, நாலு கிலோமீற்றர்தானே. கேட்காத மாதிரி கியரைப் போட்டேன். மூன்றாவது வளைவில் சில்லு இறுகியது.

அதற்குப் பிறகு நான் செய்ததை மஷூர் நானாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. கீழே ஓர் ஓட்டோ வரும் சத்தம் கேட்டது. நிருஷா ரோட்டோரக் கானுக்குப் பக்கத்தில் கிடந்தாள், அந்தப் பக்கம் பார்த்து என்றுதான் நினைத்தேன். நான் பையிலிருந்த கத்தியை எடுத்து, செயினில் சிக்கிய கயிற்றை அறுத்து இழுத்து, பள்ளத்தில் எறிந்தேன். பிறகுதான் அவளிடம் ஓடினேன். ஓட்டோக்காரரிடம் டயர் மொட்டை என்றேன். டொக்டரிடம் அதையே சொன்னேன். அதிபரிடம், மாமனாரிடம், கோயில் பாதரிடம். ஐந்து மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, சோறு ஏன் மேடாக இருக்கிறது என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்திருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே அது டயரின் பிழைதான் என்று ஆகிவிட்டது. இல்லாவிட்டால் நான்கு கடை ஏறியிருப்பேனா?

மஷூர் நானா மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வியாபாரமும் நடக்கவேண்டும். நடுவில் ரப்பர் கட்டைகள் நெருக்கமாகவும் ஓரத்தில் அகலமாகவும் இருந்த ஒரு டயரை எடுத்தார். நேராக ஓடும்போது நடு ஓடும், காபட்டுக்கு அது போதும். சேற்றில் புதைந்தால் ஓரம் கடிக்கும் என்றார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நல்ல ரப்பர்தான். மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

“ரெண்டுக்கும் ஒரே டயர் தேடினா, ரெண்டுலயும் அரைவாசிதான் கெடைக்கும் தம்பி. மிச்சத்த ஓட்றவர்தான் பாத்துக்கொள்ளணும்.”

வரும் வழி முழுவதும் அவர்மேல் கோபமாக வந்தது. டயர் கேட்டால் டயரைக் கொடுக்கவேண்டியதுதானே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நிருஷாவைக் கூப்பிட்டு டயரைக் காட்டினேன். நடுக் கட்டை, ஓரக் கட்டை என்று மஷூர் நானா சொன்னதை என் சொந்தச் சரக்கு மாதிரி விளக்கினேன். அவள் பூசைக்குக் கட்டிய சேலையோடு குனிந்து, இடது கை விரலால் ஒரு பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள். இனிப் பயமில்லை, நாளைக்கு ஏறு, ஒன்பதாவது கையெழுத்து விழவேண்டாம் என்றேன்.

“டயரு நல்லாத்தான் இருக்குங்க” என்றாள். “எனக்கு விழுறதுக்குப் பயமில்ல.”

பிறகு என்ன என்று கத்தினேன். கிருஷாந்த் வீட்டுக் கதவு திறந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல்.

அவள் உள்ளே போய், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசி களையத் தொடங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். கதவைச் சாத்தினேன். தண்ணீரை இறுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“நீங்க மொதல்ல கயித்தத்தானே எடுத்தீங்க. நா கண்ணத் தொறந்துதான் கெடந்தேன்.”

அரிசியில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள். ஐந்து மாதம். மாவுக்கட்டுக்கு மேல் பொலித்தீன் கட்டிவிட்டேன், தலை சீவிவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன். மாமனாரிடம் டயர் மொட்டை என்று நான் சொன்னபோது அவள் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அப்போதும் தெரிந்துதான் பேசாமல் இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கூடுதலாக அவள்மேலேயே ஆத்திரமாக இருந்தது. கத்தித் தொலைத்திருக்கலாம், நாலு பேருக்கு முன்னால் என்னைக் கிழித்திருக்கலாம், அன்றோடு முடிந்திருக்கும். இப்படித் தினம் ஐந்து கிலோமீற்றர் நடந்து நடந்து சொல்லவேண்டுமா?

பின்னேரம் மழை பிடித்தது. நிற்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தனியே சந்திவரை இறங்கிப் பார்த்தேன். புது டயர் பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இரண்டாவது அடிக்கல்லுக்குக் கீழே உள்ள சரிவில் பின்சில்லு ஓர் அடி விலகி, நான் காலை ஊன்றித்தான் நிற்க முடிந்தது. அரைவாசி. மஷூர் நானா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், மனுசன். மழையில் நின்று டயரைப் பார்த்தேன். இவ்வளவு அலைந்தும் கடைசியில் கயிறு வேண்டும். சந்திக் கடையில் தும்புக் கயிறு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு அவள் இறங்கினாள். நான் புது டயரில் புதுக் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முதலாம் கியரில் அவளுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டே போனேன். ஏறு என்று கேட்கவில்லை. என் லைட் வெளிச்சத்தில் அவள் செருப்பும் சேலைக் கரையும் தெரிந்தன. இடையில் ஒரு தடவை நின்று, முன்னால் போகிறீர்களா என்பது போல ஒதுங்கினாள். நானும் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள். சரிவில் இருவருமே மெதுவாகத்தான் இறங்கினோம்.

சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் பலாமரத்துக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆறே முக்கால் போனது. ஏழு போனது. கீழேயிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்த ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “மிஸ், பஸ் எக்க கெடிலா” என்றார் சிங்களத்தில். பஸ் பழுது. உள்ளே ஒரு பிள்ளைக்குக்கூட இடமில்லை. போய்விட்டார். நிருஷா போனில் நேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏழு பன்னிரண்டு.

வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சேற்றில் முழங்காலிட்டேன். மழையில் ஊறிய முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. விரல் வழுக்கியது, நகம் பெயர்ந்தது. அந்தக் கத்தி பையில்தான் இருந்தது. ஓர் அறுப்பில் முடிந்துவிடும். அதை எடுக்கவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கினேன். பிறகு ஒவ்வொரு கம்பியாக எடுக்கவேண்டும், ஒன்பது சுற்று. மூன்று நிமிடம் என்பது பழகிய கயிற்றுக்கு. அவள் குடை என் முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. சில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சி நிரு. ரெண்டு தரமும் கேட்டுச்சி. கேட்டுத்தான் போனேன். விழுந்ததுக்குப் பொறகு, ஒன்னையப் பாத்தேன், பாத்துட்டுத்தான் கயித்துகிட்ட போனேன்.”

கடைசிச் சுற்றும் கழன்று கயிறு என் கையில் வந்தது.

“தெரியுங்க” என்றாள்.

என் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். ஐந்து மாதமாக வெறுமனே துருவேறிக் கிடந்த எங்கள் ஆணியைத் தேடி, இடது கையால் மாட்டினாள். திரும்பி வந்து வண்டிக்குப் பின்னால் குனிந்து செயினைப் பார்த்தாள். செயின் பல்லில் ஒரு தும்பு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கிள்ளி எடுத்து, சுண்டி எறிந்தாள்.

ஏழு இருபத்தொன்று. நான்கு கிலோமீற்றர், நனைந்த ரோடு, மெதுவாகத்தான் போகவேண்டும். கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று சொல்ல முடியாது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை. க்ளச்சைப் பிடித்தபடி, பின்பக்கம் அழுந்துகிறதா என்று காத்திருந்தேன்.

பக்கக் கண்ணாடி மழைத் துளியால் மங்கியிருந்தது. அதில் அவள் முகம் தெரியவில்லை, குடை மட்டும்தான் தெரிந்தது. குடையை மடக்கினால்தான் வண்டியில் ஏறலாம்; அதன் விசை கடினம். கை முறிந்த பிறகு வீட்டில் அதை நான்தான் மடக்கிக் கொடுப்பேன். இப்போது அவள் குடையின் காம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, மடங்காத வலது கையின் பெருவிரலால் அந்த விசையை அழுத்திக்கொண்டிருந்தாள். அது இறங்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.